பிரிட்டனில் நோய், இயலாமைக் கொடுப்பனவில் வாழ்வது: சட்டம் மாறிக்கொண்டிருக்கும்போது புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"பெனிஃபிட்டை வெட்டப் போகிறார்கள்" என்று செய்தி வந்த அன்றே வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகள் பறக்கும். பிப் (நீண்ட நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கான அரசுக் கொடுப்பனவு) நின்றுவிட்டதாம், எல்லோரையும் வேலைக்கு அனுப்பப் போகிறார்களாம், இனி விண்ணப்பித்தும் பயனில்லையாம். புதிதாக நோயில் விழுந்தவருக்கு இதையெல்லாம் கேட்டால் ஃபாரத்தைத் தொடவே கை வராது. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமைச்சர் அறிவிப்பது வேறு, அது சட்டமாவது வேறு. உங்களுக்கு வரும் காசைத் தீர்மானிப்பது இன்று அமலில் இருக்கும் விதியும் உங்கள் கையில் இருக்கும் காகிதமும்தான்.

2025-இல் நடந்ததையே பாருங்கள். மார்ச் 18 அன்று, இந்தக் கொடுப்பனவுகளைத் தரும் வேலை, ஓய்வூதியத் துறைக்கு அப்போது அமைச்சராக இருந்த லிஸ் கெண்டல் ஒரு கிரீன் பேப்பரை (அரசு செய்ய நினைப்பதைச் சொல்லிக் கருத்துக் கேட்கும் ஆவணம்) வெளியிட்டார். பிப்பில் எந்தெந்தச் செயல் முடியவில்லை என்பதற்குப் புள்ளி தருவார்கள். அன்றாட வாழ்வுப் பகுதிக்கு மொத்தம் 8 புள்ளி எடுத்தால் போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்பது அதில் இருந்த பெரிய மாற்றம். அங்கே 2, இங்கே 2 என்று சேர்த்து 8 எடுத்தவர்கள் எல்லோரும் பயந்தார்கள். பயந்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் ஜூலை 1 அன்று, நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீஃபன் டிம்ஸ் எழுந்து அந்தப் பிரிவை மசோதாவிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார். ஆளும் கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்புதான் காரணம். பிப்பை எப்படி மாற்றுவது என்பதை அவர் தலைமையிலான மறுஆய்வு பார்க்கும், 2026 இலையுதிர் காலத்துக்குள் அது முடியும் என்றார்கள். இடைப்பட்ட அந்த மூன்று மாதத்தில் "எப்படியும் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள்தான் உண்மையில் காசை இழந்தவர்கள்.

சட்டமான பகுதியும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு), வேலைக்கோ வேலைக்கான ஆயத்தத்துக்கோ முடியாதவர் என்று முடிவானால் அடிப்படைத் தொகைக்கு மேல் ஒரு உடல்நலத் தொகை சேரும். 2025-26-இல் அது மாதம் 423.27 பவுண்ட். 2026 ஏப்ரல் 6 முதல் புதிதாக அந்தத் தொகைக்குள் வருகிறவர்களுக்கு 217.26 பவுண்ட்தான். ஏறக்குறைய பாதி. முன்பே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும், வாழ்நாள் முழுவதும், எந்நேரமும் இருக்கும் கடுமையான நோய் என்ற நிபந்தனைக்குள் வருகிறவர்களுக்கும், ஆயுள் முடியும் நிலையில் இருப்பவர்களுக்கும் பழைய உயர்ந்த விகிதம் தொடரும். இதற்கு ஈடாக எல்லோருடைய அடிப்படைத் தொகையையும் விலைவாசியை விடச் சற்றுக் கூடுதலாக உயர்த்துகிறார்கள். ஈடு சரியாக இருக்கிறதா என்றால், நோயாளிக்கு இல்லை என்பதுதான் என் கணக்கு.

முதலில், எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவற்றை ஒரே துறைதான் கொடுக்கிறது, அதனால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை.

வேலையில் இருக்கும்போது நோய் வந்தால் முதலில் முதலாளி தரும் எஸ்எஸ்பி (சட்டப்படி தர வேண்டிய நோய்க்காலச் சம்பளம்), அதிகபட்சம் 28 வாரம். 2026 ஏப்ரலிலிருந்து முதல் நாளுக்கே அது உண்டு. சம்பளம் குறைவு என்று யாரையும் விலக்கவும் முடியாது.

அது முடிந்தபின், அல்லது அது கிடைக்காவிட்டால், கடந்த இரண்டு மூன்று வருடங்களில் நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்புறுதி) போதிய அளவு கட்டியிருப்பவர்களுக்கு நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ, அதாவது நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான கொடுப்பனவு. இதற்குச் சேமிப்பையும் பார்க்க மாட்டார்கள், துணைவரின் சம்பளத்தையும் பார்க்க மாட்டார்கள். மனைவி நன்றாகச் சம்பாதிக்கிறார், அதனால் நமக்கு ஒன்றும் வராது என்று நினைப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

யூனிவர்சல் கிரெடிட் வீட்டு வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தருவது. பிப் இவை எதையும் பார்க்காது. முழுநேர வேலை செய்கிறவரும் பிப் பெறலாம், அதற்கு வரியும் இல்லை. நோயின் பெயருக்காக பிப் தருவதில்லை. அந்த நோயால் அன்றாட வாழ்க்கையில் என்ன முடியாமல் போகிறது என்பதற்குத்தான் தருகிறார்கள். அன்றாட வாழ்வு, நடமாட்டம் என்று இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு விகிதம். 8 புள்ளிக்குச் சாதாரண விகிதம், 12 புள்ளிக்கு உயர்ந்த விகிதம். 2025-26-இல் அன்றாட வாழ்வுப் பகுதி வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்ட், நடமாட்டம் 29.20 அல்லது 77.05. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு பிப் இல்லை, அதன் இடத்தில் அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட். ஓய்வூதிய வயதைத் தாண்டியபின் முதல் முறையாகக் கேட்கும் அப்பா அம்மாவுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ்.

விசாவைப் பாருங்கள்

விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசுக் கொடுப்பனவுகள்) இல்லை என்ற நிபந்தனை இருந்தால் பிப்பும் யூனிவர்சல் கிரெடிட்டும் அதற்குள் அடங்கும். தெரியாமல் விண்ணப்பித்தால்கூட விசா சிக்கலாகலாம், அதனால் முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள், குடியுரிமை பெற்றவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். பிப்புக்கு இன்னொரு விதியும் உண்டு: கடந்த 156 வாரங்களில் 104 வாரம் இங்கே இருந்திருக்க வேண்டும். அகதிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அந்தஸ்து கிடைத்த கையோடு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கிளெய்மைத் திறப்பது

யூனிவர்சல் கிரெடிட்டை ஒன்லைனில் திறக்க வேண்டும். முதல் காசு வர ஐந்து வாரம் ஆகும். இடையில் அட்வான்ஸ் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். திறந்தவுடன் ஜேர்னலில் (உங்கள் ஒன்லைன் கணக்கில் இருக்கும் குறிப்பேடு) உடல்நலப் பிரச்சினையைப் பதிந்து, ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) வாங்கிய ஃபிட் நோட்டை, அதாவது வேலைக்கு முடியாது என்ற மருத்துவச் சான்றைக் கொடுங்கள். இதில் ஒரு நாளும் பிந்த வேண்டாம். உடல்நலத் தொகைக்கு மூன்று மாதக் காத்திருப்பு உண்டு, அந்த மூன்று மாதம் ஃபிட் நோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்கும். முடிவு வரும் வரை ஃபிட் நோட்டில் இடைவெளி விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நோட் தர டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. நர்ஸ், ஃபிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட் ஆகியோரும் 2022-இலிருந்து தரலாம்.

பிப்புக்கு 0800 917 2222 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நீங்கள் அழைத்த நாள்தான் கிளெய்ம் தொடங்கிய நாள். பின்னால் கிடைத்தால் அன்றிலிருந்து கணக்குப் பார்த்துத் தருவார்கள். ஆகவே "எல்லா மருத்துவக் கடிதமும் வந்தபிறகு அழைப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அழையுங்கள், கடிதங்கள் பின்னால் வரட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அந்த அழைப்பிலேயே கேட்கலாம். அப்புறம் தபாலில் ஃபாரம் வரும். திருப்பி அனுப்ப ஒரு மாதம் தருவார்கள். அதற்குள் முடியாது என்று தெரிந்தால், நாள் கடக்கும் முன்பே போன் பண்ணி நீட்டிப்புக் கேளுங்கள்.

ஃபாரம்: நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம்

மற்றதெல்லாம் ஓடிப்போய்விடும், இதில்தான் வெற்றியும் தோல்வியும். பன்னிரண்டு செயல்கள். சமைப்பது, சாப்பிடுவது, மருந்து எடுப்பது, குளிப்பது, கழிப்பறை, உடுத்துவது, பேசுவது, வாசிப்பது, மனிதர்களோடு பழகுவது, காசு விஷயத்தில் முடிவெடுப்பது ஆகிய பத்தும் அன்றாட வாழ்வில் வரும். பயணத்தைத் திட்டமிட்டுப் போவது, நடப்பது ஆகிய இரண்டும் நடமாட்டத்தில் வரும்.

ஒவ்வொன்றிலும் "முடியுமா, முடியாதா" என்று மட்டும் யோசிக்காதீர்கள். சட்டம் நான்கு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. அதைப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறதா? ஏற்றுக்கொள்ளக்கூடிய தரத்தில் செய்ய முடிகிறதா? தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா? நோய் இல்லாதவர் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குள் முடிகிறதா? இதில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் செயலை உங்களால் செய்ய முடியாது என்றே கணக்கு. நோய் கூடிக் குறைகிறது என்றால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி என்பதைப் பார்ப்பார்கள்.

சமையலை எடுப்போம். நான் பார்த்த ஃபாரங்களில் நம் ஆண்கள் பெரும்பாலும் "மனைவிதான் சமைப்பார்" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அதற்குப் புள்ளி கிடையாது. வீட்டில் யார் சமைக்கிறார் என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் தனியாக இருந்தால், ஒருவருக்கான எளிய சாப்பாட்டைப் பச்சைக் காய்கறியிலிருந்து தொடங்கி அடுப்பில் செய்து முடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இப்படி எழுதினால்தான் விளங்கும்:

"வலது கையில் பிடிமானம் இல்லை. கத்தியால் வெங்காயம் வெட்டினால் நழுவுகிறது. போன மாதம் விரலில் வெட்டு விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க ஏலாது. கொதிக்கிற பானையைத் தூக்கி வடிக்க முடியாது, ஒரு முறை கையிலிருந்து விழுந்தது. வாரத்தில் ஐந்து நாள் இப்படித்தான். மகள் வேலையால் வந்து வெட்டித் தந்து, பானையை இறக்கித் தருவார். அவர் இல்லாத நாளில் பாணும் வாழைப்பழமும்தான்."

நோயின் பெயரே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன நடக்கிறது, எத்தனை நாள், யார் உதவுகிறார், உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் இருக்கின்றன. உதவி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, உதவி தேவைப்படுகிறது என்றாலே போதும்.

நடப்பதைப் பற்றி எழுதும்போது மீட்டரில் சொல்ல வேண்டும். 20 மீட்டருக்கு மேல் முடியாது என்பதற்கும் 50 மீட்டர் முடியும் என்பதற்கும் இடையில்தான் விகிதம் மாறுகிறது. ஒரு டபுள் டெக்கர் பஸ் கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம். இரண்டு பஸ் தூரத்துக்குள் நின்று மூச்சு வாங்குகிறீர்களா, திரும்பி வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அடுத்த நாள் கட்டிலிலா என்று எழுதுங்கள். "கொஞ்ச தூரம் நடப்பேன்" என்றால் அவர்கள் எழுதுவது 200 மீட்டராகவும் இருக்கலாம்.

மனநோய்க்கும் இதே இடம் உண்டு. போரில் பட்டது, சிறையில் பட்டது என்று சுமந்துகொண்டு இருப்பவர்கள் ஃபாரத்தில் முதுகுவலியை மட்டும் எழுதிவிட்டு விடுவதைப் பார்த்திருக்கிறேன். தனியே வெளியே போனால் பதற்றத்தில் உறைந்துபோவது, சீருடை கண்டால் திரும்பி ஓடிவருவது, மாத்திரையை யாராவது நினைவூட்ட வேண்டியிருப்பது, வீட்டுக்கு வருகிறவர்களோடு கதைக்க முடியாமல் அறைக்குள் போய்விடுவது எல்லாமே புள்ளிக்குரியவை. அகதி விண்ணப்பத்தின்போது எடுத்த மருத்துவ அறிக்கை இருந்தால் அதன் நகலையும் சேர்க்கலாம். பழையதுதான், ஆனாலும் வேர் எங்கே என்று காட்டும்.

ஆதாரம் என்றால் கட்டுக் கட்டாக அனுப்புவது இல்லை. ஸ்பெஷலிஸ்ட் கடிதம், மருந்துப் பட்டியல், உதவுகிறவர் எழுதிய ஒரு பக்கம், இரண்டு வார நாட்குறிப்பு போதும். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பெயரும் இன்ஷூரன்ஸ் எண்ணும் எல்லாத் தாளிலும் இருக்கட்டும்.

காசு வாங்கிக்கொண்டு ஃபாரம் நிரப்பித் தருபவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்ன எழுதினார் என்று வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொய் இருந்தால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். சிட்டிசன்ஸ் அட்வைஸ், லோ சென்டர், கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவு ஆகியவை இதை இலவசமாகச் செய்கின்றன. அப்பொயின்ட்மென்ட் கிடைப்பதுதான் கஷ்டம், அதனால் ஃபாரம் வந்த அன்றே அழையுங்கள்.

மதிப்பீடு

பலருக்கு இது போனில் நடக்கிறது. நேரில் கூப்பிடுவதைக் கூட்டப் போவதாக அரசு சொல்லியிருக்கிறது. கதைப்பவர் பெரும்பாலும் நர்ஸ் அல்லது தெரபிஸ்ட், உங்கள் நோயின் நிபுணராக இருக்க வேண்டும் என்றில்லை. மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம். ஒலிப்பதிவு கேட்கலாம். கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை நான் விரும்புவதில்லை. கழிப்பறைக்குப் போவதில் சிரமம், தற்கொலை எண்ணம் என்பதெல்லாம் மகன் வாயால் வராது, அப்பாவும் அவன் முன்னால் சொல்ல மாட்டார். இன்னொன்று, யாராவது சுகம் விசாரித்தால் "இருக்கிறேன், பரவாயில்லை" என்று சொல்லியே பழகியவர்கள் நாம். அழைப்பின் தொடக்கத்தில் அப்படிச் சொன்னால் அது அப்படியே அறிக்கையில் ஏறும். ஃபாரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியதையே சொல்லுங்கள். "கடைக்குப் போவீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்று நிறுத்தாமல், யாரோடு, எவ்வளவு தூரம், வந்தபின் என்ன ஆகிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் ஈஎஸ்ஏக்கும் வேறு ஃபாரம், வேறு மதிப்பீடு. அங்கே வேலை செய்யும் திறனைப் பார்ப்பார்கள். இந்த மதிப்பீட்டை எடுத்துவிட்டு பிப் மதிப்பீட்டையே இரண்டுக்கும் வைப்பது என்பது கிரீன் பேப்பரில் 2028-க்குச் சொன்ன திட்டம். அது நடக்கும் வரை பிப் கிடைத்தால் மற்றது தானாகக் கிடைக்காது, பிப் மறுக்கப்பட்டால் மற்றது போய்விடவும் செய்யாது.

மறுத்துவிட்டால்

கடிதத்தைப் பார்த்ததும் மனம் உடையும். சரி, ஒரு நாள் அழுதுவிட்டு, அடுத்த நாள் போன் பண்ணி மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முடிவுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி தந்தார்கள், எத்தனை தந்திருக்க வேண்டும், ஏன் என்று எழுத்தில் கொடுங்கள். அறிக்கையில் நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள், கோபத்தைக் கொட்ட வேண்டாம்.

மறுபரிசீலனையிலும் பலருக்கு மாறாது. அங்கே நின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு. அதற்கடுத்த டிரிபியூனல் துறையின் கையில் இல்லை, நீதிமன்றத்தின் பகுதி. கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே தருவார்கள். பிப் வழக்கில் நீதிபதி, மருத்துவர், இயலாமை பற்றி அறிந்தவர் என்று மூவர் இருப்பார்கள். விசாரணை வரை போன பிப் வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு விண்ணப்பித்தவர் பக்கமே முடிந்து வந்திருக்கின்றன. முடிவு எடுத்த நாளில் உங்கள் நிலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள், அதற்குப் பின் மோசமானதை அல்ல. ஏற்கெனவே கொஞ்சம் கிடைத்து, கூடக் கேட்டுப் போகிறீர்கள் என்றால் இருப்பதும் குறையலாம். அந்த நிலையில் மட்டும் ஆலோசகரோடு கதைத்துவிட்டுப் போங்கள்.

கிடைத்தபின்

பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி வந்துவிட்டால், வாரம் 35 மணிநேரம் உங்களைப் பார்த்துக்கொள்பவர் கேரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். ப்ளூ பேட்ஜ் (இயலாமை உள்ளவர்களுக்கான பார்க்கிங் அனுமதி), கவுன்சில் டாக்ஸ் சலுகை, லண்டனில் ஃப்ரீடம் பாஸ் (இலவசப் பயண அட்டை) ஆகியவற்றையும் பாருங்கள். எதுவும் தானாக வராது.

வேலை செய்து பார்க்க நினைத்தால் பயப்படத் தேவையில்லை. உடல்நலத் தொகை பெறுபவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு அளவு சம்பளம் வரை எதுவும் கழியாது, அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டிலும் 55 பென்ஸ் கழியும். ஆனால் கிளெய்மை முழுவதும் மூடிவிட்டுத் திரும்பத் திறப்பதற்கு முன், பழைய உயர்ந்த விகிதம் என்ன ஆகும் என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் சிக்குவது சேமிப்பில். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு 6,000 பவுண்ட் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250-க்கும் மாதம் 4.35 பவுண்ட் கழியும். 16,000-ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் காணியும் வீடும் இந்தக் கணக்கில் சேரும், கூட்டாக இருந்தால் உங்கள் பங்கு சேரும். வயதான அப்பா அம்மா அந்த வீட்டில் குடியிருந்தால் விலக்கு உண்டு, அதையும் சொல்லித்தான் பெற வேண்டும். சீட்டு எடுத்த காசு மொத்தமாக வங்கியில் விழுந்தால் அன்று அது சேமிப்புத்தான். போட்டிருக்கும் நகையைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். மற்றவருடைய காசை உங்கள் கணக்கில் போட்டுவைக்கச் சம்மதிக்க வேண்டாம். யூனிவர்சல் கிரெடிட், ஈஎஸ்ஏ பெறுபவர்களின் கணக்குகளில் விதிக்கு முரணாக எதுவும் தெரிகிறதா என்று வங்கிகளிடம் கேட்க 2025-இன் சட்டம் ஒன்று வழி செய்கிறது.

ஊருக்குப் போவதும் அப்படித்தான். யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு மாதம் வரை போகலாம். நெருங்கிய உறவினர் இறந்து, திரும்பி வர முடியாத நிலை என்றால் இன்னும் ஒரு மாதம் தருவார்கள். மருத்துவத்துக்கு என்றால் ஆறு மாதம் வரை. பிப்பில் 13 வாரம், மருத்துவத்துக்கு 26 வாரம். டிக்கெட் எடுத்தவுடன் ஜேர்னலில் போகும் தேதியையும் வரும் தேதியையும் எழுதுங்கள், நாலு வாரத்துக்கு மேல் என்றால் பிப் எண்ணுக்கும் அழைத்துச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அங்கே மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால் டாக்டரின் கடிதத்தை ஆங்கிலத்தில், தேதியோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.